அந்தி வெளிச்சத்தில் வெளிமான்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கிறவர்கள், பொழுது சாயும் நேரத்தில் சாலையைவிட்டுத் தள்ளி நின்று, ஓடும் லாரியை மொபைலில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். லாரி நீளமாக இழுபட்டு, பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கவே முடியாது. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில், ஜீப்புக்குள் இருந்து வெளிமானைப் படம் பிடிப்பவருக்கும் இதே தொல்லைதான்.

1967இல் சரணாலயமான இடம் அது. அங்கே மேயும் வெளிமானை நாம் மான் என்றாலும், அது ஆடு, மாடுகளின் குடும்பம். புள்ளிமான் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு விழுவதே இல்லை. மிரண்டால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில்கூடப் பாயும். அதாவது நொடிக்கு 22 மீட்டர்!

கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்தால், அதற்குள் மான் 2 சென்டிமீட்டர்தான் நகரும். முப்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால் முக்கால் மீட்டர் போய்விடும். படத்தில் மானுக்குப் பதில் ஒரு பழுப்புக் கோடு.

அப்படியானால் ஷட்டரை ஏன் அவ்வளவு நேரம் திறக்க வேண்டும்? உச்சி வெயிலில் தரைக்கு வரும் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். சூரியன் மறையும்போது அது 400 அளவுக்கு இறங்கிவிடும். இன்னும் இருபது நிமிடம் போனால் வெறும் மூன்று, நான்கு! நம் ஊரில் சூரியன் ஏறத்தாழ நேராக இறங்குவதால் சட்டென்று இருட்டுகிறது. இலண்டனில் சாய்வாக இறங்கும், அந்தி நீளும். நம் கண் இந்தக் குறைவுக்குத் தானாகவே பழகிக்கொள்வதால் நமக்கு உறைப்பதில்லை.

குழாயில் தண்ணீர் மெலிந்தால் என்ன செய்வோம்? குடத்தை அதிக நேரம் பிடிப்போம். ஷட்டர் செய்வது அதுதான். அல்லது குழாயை இன்னும் திறப்போம். அது லென்ஸின் துளை. துளையும் முழுதாகத் திறந்தபின் மிச்சமிருப்பது ஐஎஸ்ஓ. கிடைத்த சொற்ப வெளிச்சத்தை அது பெருக்கிக் காட்டும், கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சலையும்.

ஆகவே ஓடாத மானை எடுப்பதே புத்திசாலித்தனம். வெளிமானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் வருவதும் தெரியும். ஆள் இறங்கினால் ஓடும். சும்மா நிற்கும் வண்டியைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. என்ஜினை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் அதிர்வே படத்தைக் கலைக்கும். ஜன்னல் விளிம்பில் ஒரு சிறு அரிசிப் பையை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் கை நடுக்கமும் போகும். ஃபிளாஷ் கூடவே கூடாது, மான் மிரளும்.

நன்றாக இருட்டிவிட்டால்? எனக்குப் பிடித்ததே அந்த நேரம்தான். மானை விட்டுவிட்டு, இன்னும் ஒளி மிச்சமிருக்கும் மேற்கு வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவை அமைத்துக்கொள்ளுங்கள். குறைந்த நேரத் திறப்பே போதும். கரிய ஆண் மான் நிழலுருவாக விழும், கொம்பின் முறுக்கு ஒவ்வொன்றும் தெரியும். அதற்கு வண்டி மானுக்குக் கிழக்கே நிற்க வேண்டும். ஓட்டுநர் அண்ணனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.