“வேலை முடியலைன்னா குற்றமா?” – காக்கநாட்டுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளின் சந்தேகங்கள்

சுள்ளிக்கல் சந்திப்பில் காலை ஏழரை மணிக்கு நின்று பார்த்தால், முதுகில் கம்ப்யூட்டர் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இளைஞர்களும் பெண்களும் பஸ்சுக்குக் காத்திருப்பதைக் காணலாம். தோப்பும்படி வழியாக வைட்டிலா. அங்கிருந்து பஸ்சிலோ, 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகிலோ காக்கநாடு. 2004-ல் தொடங்கிய இன்போபார்க் அங்கேதான் இருக்கிறது.

கொச்சித் தமிழர்களின் பழைய பிழைப்பு வேறு. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்க வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் கோட்டை கொச்சி வெளியில் சலவைத் தொழில் செய்கிறார்கள். அங்கே வேலை முடிந்ததா, இல்லையா என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. துணி கொடியில் காய்வது கண்ணுக்குத் தெரியும்.

சாப்ட்வேர் வேலை அப்படியல்ல. பாதி முடிந்ததும் முழுதும் முடிந்ததும் வெளியே இருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதனால்தான் “அஜைல்” என்ற முறை வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் காதில் விழும் வார்த்தை இது. வீட்டுக்கு வந்து சொன்னால் பெற்றோருக்கு விளங்குவதில்லை. பல சமயம் சொல்கிற பிள்ளைக்கும் விளங்குவதில்லை!

சீன வலை சொல்லும் பாடம்

கோட்டை கொச்சிக் கரையில் சீன வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நாலைந்து பேர் சேர்ந்து வலையை இறக்குகிறார்கள். சில நிமிடம் தண்ணீரில் விடுகிறார்கள். பிறகு கல் கட்டிய கயிறுகளை இழுத்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி இறக்குகிறார்கள். காலையில் இறக்கி மாலையில்தான் தூக்குவோம் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

அஜைலும் அவ்வளவுதான். இரண்டு வருட வேலையை ஒரே மூச்சில் செய்து கடைசி நாளில் காட்டாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடக்கூடிய ஒரு பகுதியைச் செய்து வாடிக்கையாளரிடம் காட்டுவது. அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த பகுதியைத் தொடங்குவது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி, இதற்கென நான்கு கோட்பாடுகளை எழுதினார்கள். அதையொட்டி 12 விதிகளும் வந்தன.

பெயர் புதிது, வழி புதிதல்ல. நம் ரயில்வே முன்பதிவையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வண்டிக்கு ஒரு பேரேடு, அதற்கென்று ஒரு கவுண்டர் என்று இருந்த காலத்தில், கம்ப்யூட்டர் முன்பதிவை நாடு முழுவதும் ஒரே நாளில் திறக்கவில்லை. 1985-ல் டில்லியில் சோதனையாகத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத். இந்த ஐந்து மையங்களையும் ஒன்றோடொன்று இணைத்தது 1999-ல்தான். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊர் வண்டிக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது இப்படிப் படிப்படியாக வந்ததுதான்.

மாறாகச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ., வழக்குக் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற எடுத்த ஒரு திட்டத்தை, சுமார் 17 கோடி டாலர் செலவழித்த பிறகு 2005-ல் கைவிட்டது. 2006-ல் தொடங்கிய அடுத்த திட்டமும் இழுத்தடித்தது. 2010-ல் அந்த வேலையைத் தன் கையிலேயே எடுத்து, ஒரு சிறு குழுவை வைத்து இரண்டு வாரம் இரண்டு வாரமாகச் செய்தது. 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

நின்றுகொண்டே கூட்டம்

பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி காலைக் கூட்டம் பற்றியது. இந்த முறைகளில் அதிகம் வழங்குவது “ஸ்க்ரம்”. ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்பார்களே, அந்தப் பெயர். இதில் தினமும் 15 நிமிடக் கூட்டம் உண்டு. பல ஆபீசுகளில் இது விசாரணைக் கூண்டு போலவே நடக்கிறது. மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “நேற்று என்ன செய்தாய்?” என்பார். வேலையில் சிக்கல் உள்ள பிள்ளை அதைச் சொல்லப் பயந்து, “நடந்துகொண்டிருக்கிறது சார்” என்று முடித்துவிடும்.

உண்மையில் அந்தக் கூட்டம் மேலாளருக்காக ஏற்பட்டதல்ல. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசி அன்றைய வேலையைத் திட்டமிடுவதற்காக ஏற்பட்டது. “நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன” என்ற மூன்று கேள்விகளையும், 2020-ல் திருத்திய ஸ்க்ரம் வழிகாட்டி நூலிலிருந்து எடுத்தே விட்டார்கள். நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்றும் அதில் கிடையாது.

கதைக்கு மார்க்கு

செய்ய வேண்டிய வேலைகளை “ஸ்டோரி” என்கிறார்கள். “ஆபீசில் கதை எழுதவா சம்பளம் கொடுக்கிறார்கள்?” என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. “பயணி ஒருவர் தன் டிக்கெட்டை ரத்து செய்ய முடிய வேண்டும்” என்பது போன்ற ஒரு வரிதான் ஸ்டோரி. அது எவ்வளவு கடினம் என்று குழுவே 1, 2, 3, 5, 8 என்று புள்ளி போடுகிறது.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. “அந்தக் குழு 40 புள்ளி முடித்தது, நீங்கள் ஏன் 25?” என்று கேட்கப்படுகிறது. கேட்கவே கூடாத கேள்வி இது. ஒரு குழுவின் 5 இன்னொரு குழுவுக்கு 8 ஆக இருக்கும். மிரட்டினால் அடுத்த முறை எல்லா ஸ்டோரிக்கும் புள்ளி கூடிவிடும், வேலை கூடாது. ஸ்னோபேர்டில் கூடிய 17 பேரில் ஒருவரான ரான் ஜெப்ரீஸ், இந்தப் புள்ளி முறையைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துவதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஸ்க்ரம் வழிகாட்டியில் இந்தப் புள்ளி பற்றிப் பேச்சே இல்லை.

இரண்டு வாரத்தில் முடியாவிட்டால்?

சனி, ஞாயிறு வீட்டுக்கு வராமல் போவது, நள்ளிரவு வரை விளக்கு எரிவது எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. ஒவ்வொரு இரண்டு வாரக் கெடுவுக்கும் “ஸ்பிரிண்ட்” என்று பெயர். சிறு தூர வேக ஓட்டம் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்! ஒன்று முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்கினால், வருடம் முழுவதும் யாரால் வேக ஓட்டம் ஓட முடியும்?

ஆனால் விதி வேறு சொல்கிறது. எவ்வளவு காலமானாலும் ஒரே சீராகச் செய்யக்கூடிய வேகம் வேண்டும் என்பது அந்த 12 விதிகளில் ஒன்று. அதோடு, ஸ்பிரிண்டுக்கு எடுக்கும் வேலையை முன்பு “வாக்குறுதி” என்று சொல்லிவந்தார்கள். 2011-ல் வழிகாட்டியிலேயே அந்தச் சொல்லை மாற்றி, “முன்கணிப்பு” என்று ஆக்கிவிட்டார்கள். மழை வரும் என்று வானிலை நிலையம் சொல்வது போல. முடியாத வேலை பட்டியலுக்குத் திரும்பிப் போகும். அடுத்ததாக எதைச் செய்வது என்று மறுபடி முடிவு செய்யப்படும். அது குற்றமல்ல. இந்தத் திருத்தம் வந்து இத்தனை வருடமாகியும் பல மேலாளர்களுக்கு எட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

முடிந்தது என்று எதைச் சொல்வது என்பதிலும் தகராறு வருகிறது. எழுதி முடித்து, சோதித்துப் பார்க்காத வேலை முடிந்த வேலை ஆகாது. “90 சதவீதம் முடிந்தது” என்ற கணக்கும் இல்லை. எவையெல்லாம் நடந்தால் முடிந்ததாகக் கொள்வது என்று குழு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காத இடத்தில், கடைசி இரண்டு நாளில் வேலை முழுதும் சோதனை செய்கிற பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. தாமதத்துக்குக் கெட்ட பெயரும் அவளுக்கே.

நடுவில் வாடிக்கையாளர் மனம் மாறினால்? விவரங்களைப் பேசி மாற்றிக்கொள்ளலாம். அந்த ஸ்பிரிண்டின் குறிக்கோளைக் கெடுக்கும் மாற்றம் கூடாது. காகிதமே எழுத வேண்டாமா என்று சிலர் ஆசையோடு கேட்கிறார்கள். வேண்டும். ஓடுகிற சாப்ட்வேருக்கு அதிக மதிப்பு என்றுதான் சொன்னார்களே தவிர, ஆவணத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை.

யாரிடம் சொல்வது?

இவ்வளவு குறையையும் எங்கே சொல்வது? அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்பிரிண்டின் முடிவிலும், என்ன சரியாக நடந்தது, எதை மாற்ற வேண்டும் என்று குழு உட்கார்ந்து பேச ஒரு கூட்டம் உண்டு. சம்பள உயர்வு முடிவு செய்கிறவரும் அதே அறையில் இருந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், அதுவும் வெளி மாநிலத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருப்பவர்கள், அடுத்த வேலை கிடைக்குமோ என்ற பயத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவரை வெளியே இருக்கச் சொல்லிக் கேட்க முடிந்த குழுக்களில்தான் உண்மை வெளிவருகிறது.

சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் ஒன்று செய்யலாம். ஸ்க்ரம் வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பத்துப் பதினைந்து பக்கத்துக்குள் அடங்கிவிடும். வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்குப் படகில் இரண்டு மூன்று நாள் போய்வருவதற்குள் படித்து முடிக்கலாம்.