தண்ணி ஏறுமுன் மூட்டையைக் கட்டுவோம்!



நவம்பர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. மார்ச் வரை அதன் ஆட்சிதான். கிளந்தான், திரங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் பக்கங்களில் நாள் கணக்கில் கொட்டும். அதற்காக மேற்குக் கரையில் இருப்பவர்கள் காலை நீட்டிப் படுத்துவிட முடியாது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் புகுந்ததை யார் மறப்பார்? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று, படகு வருமா வருமா என்று ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

நம் தோட்டப்புறத்தில் நிலைமை இன்னும் சங்கடம். பல தோட்டங்களில் லயங்கள் பள்ளத்தில், ஆற்றோரத்தில் இருக்கின்றன. பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கால்வாய் அடைபட்டால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் நுழையும். சில இடங்களில் வெளியே போக ஒரே செம்மண் சாலை, ஒரே சின்னப் பாலம். அது மூழ்கினால் தோட்டமே தீவு!

"வருசா வருசம் வர்ற தண்ணிதானே, முட்டிக்கு மேலே ஏறாது" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 2006 டிசம்பரில் ஜொகூரில் கோத்தா திங்கி மூழ்கியது. தண்ணி வடிந்தது. ஜனங்கள் வீட்டைக் கழுவித் துடைத்தார்கள். 2007 ஜனவரியில் மறுபடியும் மூழ்கியது! ஆற்றுக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது.

முதலில் பத்திரங்கள்

அரிசி போனால் வாங்கிக்கொள்ளலாம். மெத்தை போனால் பாயில் படுக்கலாம். பிறப்புப் பத்திரம் போனால்? சூராட் பெரானா இல்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், 12 வயதில் ஐ.சி. எடுக்கவும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த குடும்பங்களின் கதை நமக்குப் புதிதல்ல. சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் பாட்டிமாருக்கு அந்த ஓர் அட்டைதான் ஆதாரம்.

ஆகவே பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பேங்க் புத்தகம், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கிவிட்டு இறுகக் கட்டுங்கள். அதை இன்னொரு பையில் தலைகீழாகப் போட்டு மறுபடியும் கட்டுங்கள். அலமாரியின் அடித்தட்டு வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த உயரமான இடமாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். ஐ.சி. எப்போதும் ஆளோடு இருக்க வேண்டும்.

மூட்டையில் என்ன?

இனிப்புநீர், ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். "முடிஞ்சதும் வாங்கிக்கலாம்" என்றால், சாலை மூழ்கிய அன்று கிளினிக் எங்கே, நீங்கள் எங்கே? டார்ச்லைட், தீப்பெட்டி, பிஸ்கட், குடிதண்ணீர், குழந்தைக்குப் பால்மாவு, ஆளுக்கொரு மாற்றுத்துணி, கொஞ்சம் சில்லறைப் பணம் போதும். ஒரு கையால் தூக்கும் அளவுதான் மூட்டை. மறு கை பிள்ளையைப் பிடிக்க வேண்டும் அல்லவா?

கிளம்பும் நேரம்

தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன் கிளம்புங்கள். தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. கேஸ் தோம்பை மூடி, மிதந்து போகாதபடி கட்டி வையுங்கள். கோழி, ஆடுகளை அவிழ்த்து மேட்டுக்கு விரட்டிவிடுங்கள்.

ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரிய ஆளையும் சாய்த்துவிடும். மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்துவிடலாம் என்று வீரம் காட்ட வேண்டாம். பக்கத்து லயத்தில் வங்காளதேசத் தம்பிமார் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். ஊர் புதிது, அவர்களுக்கு ஆறு தெரியாது. ஆபத்து என்றால் 999. நிவாரண மையத்துக்குப் போனதும் குடும்பத்தார் பெயர், ஐ.சி. எண் எல்லாம் பதியுங்கள். பின்னால் உதவி கேட்க அந்தப் பதிவுதான் சாட்சி.

வடிந்த பிறகும் உஷார்

பாம்பு துணிமூட்டைக்குள் சுருண்டிருக்கும்; கம்பால் கிளறிவிட்டுக் கை வையுங்கள். ஒயரிங்கைச் சோதிக்குமுன் விளக்குப் போடாதீர்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் 1 லிட்டர் ஆறிய வெந்நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கலக்கி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நிற்காவிட்டால் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

எலிச்சிறுநீர்க் காய்ச்சலை மறக்க வேண்டாம். பாராங் கீறின காயம், காலில் வெடிப்பு, இவற்றின் வழியே கிருமி உடம்பில் ஏறிவிடும். பூட்ஸ் இல்லாமல் சேற்றைக் கழுவாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வரலாம். பனடோல் போட்டுப் படுத்துவிடாமல், "டாக்டர், நான் வெள்ளத் தண்ணியிலே நடந்தேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றும்.

கூடிக் கேளுங்கள்

கால்வாய் தூர்ந்திருக்கிறதா? பாலம் ஆடுகிறதா? தனியாளாக முணுமுணுத்துப் பயனில்லை. மழைக்கு முன்பே சங்கக் கிளை மூலம் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். தொழிலாளர் குடியிருப்புக்கென 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. வீடுகளைச் செப்பமாக வைத்திருப்பது முதலாளியின் கடமை, சலுகையல்ல.

வருகிற ஞாயிறு லீவு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்திரங்களைக் கட்டுங்கள், மாத்திரைகளை எண்ணுங்கள், மேட்டுக்குப் போகும் வழியைப் பிள்ளைகளோடு ஒருதரம் நடந்து பாருங்கள். வெள்ளம் வரும் முன் அணை போடச் சொன்னார்கள் பெரியவர்கள். நம்மால் அணை கட்ட முடியாது. மூட்டை கட்ட முடியும்!