மாலை விழாத ஸ்டீயரிங்

அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஓய்வுபெறும் நாள் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கடைசி டிரிப் முடிந்து வண்டி டிப்போவுக்குள் நுழையும். மாலையோடும் சால்வையோடும் சக ஊழியர்கள் காத்திருப்பார்கள். வீட்டார் இனிப்பு டப்பாவோடு வந்திருப்பார்கள். 2023இல் மதுரைப் பக்கம் ஓர் ஓட்டுநர் தன் கடைசி நாளில் ஸ்டீயரிங்கை முத்தமிட்டு, பேருந்தைக் கட்டிப்பிடித்து அழுத காணொளியைப் பார்த்து அவரை அறியாதவர்களும் கண்கலங்கினார்கள். முப்பது வருடம் ஒரு வண்டியோடு வாழ்ந்தவன் அதை விட்டு இறங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குப் புரிகிறது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது இண்டூர். இங்கே ஓட்டுநர் என்பவர் முகம் தெரிந்த மனிதர். காலை வண்டியை எடுப்பவர் யார், கூட்டமாக இருந்தாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்பவர் யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர் ஓய்வுபெற்றால் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆனால் இதே இண்டூரில் நின்று, "நரேன் கார்த்திகேயன் எப்போது ரிட்டயர் ஆனார்?" என்று கேட்டால் ஒருவராலும் தேதி சொல்ல முடியாது. அது ஊரின் குறையல்ல. ஞாயிறு தவறாமல் பந்தயம் பார்க்கும் ரசிகர்களே இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

நரேன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். கோயம்புத்தூர்க்காரர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி பந்தயங்களில் தேசிய சாம்பியனாக இருந்தவர். அந்த நகரத்துக்கு வண்டிப் பித்து பழையது. 1920இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழில் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு. பின்னாளில் அதே நகரத்தில் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு அந்த 'ஃபார்முலா மாருதி' கார்தான் முதல் ஏணி. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நரேனும் 1993இல் அந்தக் காரில்தான் பந்தயத்துக்கு இறங்கினார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தான் கைதூக்கிவிட்ட பையன் ஃபார்முலா ஒன் வரை போனதை அவர் பார்க்கவில்லை.

அதன்பின் நடந்தது நீண்ட ஏற்றம். பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு, 1996இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன் பட்டம், பிரிட்டிஷ் ஃபார்முலா 3, 2001இல் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதித்து ஓட்டிய நாள். ஒவ்வொரு படியிலும் ஸ்பான்சர் தேடி அலைச்சல். கார் பந்தயத்தில் திறமை இருந்தால் மட்டும் சீட் கிடைக்காது. டயருக்கும் எஞ்சினுக்கும் மெக்கானிக்குகளுக்கும் யாராவது பணம் கட்டியாக வேண்டும். ஒரு கிரிக்கெட் வீரர் மட்டையைத் தூக்கிக்கொண்டு தேர்வுக்குப் போகலாம். பந்தய ஓட்டுநர் அப்படி ஒரு காரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

2005 மார்ச் 6. மெல்போர்னில் ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் அவர் கிளம்பியபோது இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை காலை. 15ஆவதாக முடித்தார். அன்று பள்ளி மாணவராக டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இன்று முப்பது வயதைத் தாண்டியிருக்கும். அந்தத் தலைமுறைக்கு நரேனின் ஓய்வைப் பற்றிப் பேசுவதும் தங்கள் இளமையைப் பற்றிப் பேசுவதும் ஒன்றுதான்.

அதே வருடம் ஜூன் 19, இண்டியனாபோலிஸ். நம் நேரப்படி ஞாயிறு இரவு பதினொன்றரை மணி. ரசிகர்களிடையே இன்றும் ஓயாத வாதம் அந்த இரவில் பிறந்தது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மிஷலின் டயர் பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்த டிராக்கின் சாய்ந்த வளைவில் தங்கள் டயர்கள் தாங்கும் என்று மிஷலினால் உறுதி சொல்ல முடியவில்லை. பந்தயத்துக்கு முந்தைய சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்த ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள் மட்டுமே ஓடின. நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள். ஓர் இந்தியர் ஃபார்முலா ஒன்னில் பெற்ற புள்ளிகள் இன்றுவரை அவ்வளவுதான்.

"ஆறு கார் ஓடின ரேஸ்தானே" என்று அதைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் குறைவு. பின்வாங்கியது நரேன் அல்ல. அவருடைய டயர் தாங்கியது, அவர் கடைசிவரை ஓடிப் பந்தயத்தை முடித்தார், இரண்டு மினார்டிகளையும் பின்னால் நிறுத்தினார். அதே பந்தயத்தில் மூன்றாவதாக வந்த சக ஜோர்டான் ஓட்டுநர் தியாகோ மொன்டெய்ரோவைப் போர்ச்சுகல் இன்றும் பெருமையோடு நினைக்கிறது. நாம் மட்டும் ஏன் நம் ஆளின் நான்காம் இடத்துக்கு அடிக்குறிப்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்? தவிர, அந்த வருடம் ஜப்பானில் மழை கலந்த தகுதிச்சுற்றில் அதே மெதுவான காரை 11ஆம் இடத்துக்குக் கொண்டுபோனார். அவர் கைத்திறனை எடைபோட ரசிகர்கள் எடுத்துக்காட்ட வேண்டியது அந்த சுஸுகா சனிக்கிழமையைத்தான்.

மெதுவான காரை ஓட்டுவது எளிது என்ற எண்ணமும் தவறு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடிக்கப் போகும் அல்லவா? ஃபார்முலா ஒன் கார் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டருக்குள் வளைவுக்கான வேகத்துக்கு இறங்கும். அப்போது ஓட்டுநரின் தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து நான்கைந்து மடங்கு எடையாகக் கழுத்தை இழுக்கும். பந்தயம் ஒன்றரை மணி நேரம். கடைசி வரிசைக் காரிலும் இதே கதைதான். கூடவே இன்னொரு வேலையும் உண்டு: முன்னணிக் கார் ஒரு சுற்று முந்திக்கொண்டு பின்னால் வரும்போது நீலக்கொடி காட்டுவார்கள். தன் வேகத்தை இழக்காமல், வருகிறவரையும் கெடுக்காமல் வழிவிட வேண்டும்.

அந்த வேலையில்தான் 2012இல் மலேசியாவில் வம்பு வந்தது. மழை பெய்யும் என்று கணித்துக் கனமழை டயரோடு கிளம்பிய நரேன், பந்தயம் நிறுத்தப்பட்டபோது ஹிஸ்பானியா காரில் பத்தாம் இடத்தில் இருந்தார். புள்ளி கிடைக்கும் இடம் அது. பின்னர் அவரை முந்திய செபாஸ்டியன் வெட்டலின் டயர் உரசலில் கிழிந்தது. ஜெர்மானிய சாம்பியன் கோபத்தில் அவரை வெள்ளரிக்காய் என்று சொன்னார். ஜெர்மனியில் அது மட்டமான ஓட்டுநரைக் குறிக்கும் வசை. நடுவர்கள் நரேனுக்கு நேரத் தண்டனை கொடுத்தார்கள். அந்தப் பத்தாம் இடத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

வெட்டல் இந்தியாவில் நடந்த மூன்று கிராண்ட் ப்ரீகளையும், 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், வென்றவர். 2013இல் கிரேட்டர் நொய்டாவில் நான்காவது பட்டத்தை உறுதிசெய்ததும் டிராக்கில் மண்டியிட்டுத் தன் காரை வணங்கினார். ஆயுதபூஜை கொண்டாடும் நாட்டுக்கு அந்தக் கும்பிடு உடனே புரிந்தது. 2022இல் அவர் ஓய்வை அறிவித்தபோது கடைசிப் பந்தயத்துக்குமுன் எல்லா ஓட்டுநர்களும் அபுதாபியில் ஒன்றாக உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள். முழுமையான வழியனுப்பல் அது.

நரேனின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம் 2012 நவம்பர் 25, பிரேசிலின் இன்டர்லாகோஸ். மைக்கேல் ஷூமாக்கரின் கடைசிப் பந்தயமும் அதுவே. கேமராக்கள் எல்லாம் ஷூமாக்கரையும் பட்டத்துக்குப் போராடிய வெட்டலையும் அலோன்சோவையும் சுற்றின. மழையில் 18ஆவதாக முடித்த நரேனுக்கே அது கடைசி என்று அன்று உறுதியாகத் தெரிந்திருக்காது. அவருடைய அணிக்குப் பணம் தீர்ந்துபோய், அடுத்த சீசன் பட்டியலில் பெயரே இல்லாமல் போனது. 2005இல் அவர் ஓட்டிய ஜோர்டான் அணியும் அப்படித்தான், ஷாங்காயில் அவர் மோதி வெளியேறிய பந்தயத்தோடு அந்தப் பெயர் முடிந்துபோனது. ஆக, இரண்டு அணிகளின் கடைசிப் பந்தயத்திலும் அவர் ஸ்டீயரிங் பிடித்திருக்கிறார். ரசிகர்கள் இதை அதிகம் கவனித்ததில்லை. அவர் விடைபெற முடியாமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான்: டிப்போவே மூடப்பட்டபோது ஓட்டுநருக்கு யார் மாலை போடுவது?

46 பந்தயங்கள், 5 புள்ளிகள். 2010இல் பத்மஸ்ரீ. 2011இல் முதல் இந்திய கிராண்ட் ப்ரீயில் 24ஆம் இடத்திலிருந்து கிளம்பி 17ஆவதாக முடித்த பந்தயம். இந்த வரிகளோடு பலர் அவர் கதையை மூடிவிடுகிறார்கள். ஆனால் அவர் நிறுத்தவில்லை. 2014 முதல் ஐந்து வருடம் ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா ஓட்டினார். 2019 ஜனவரியில், 42 வயது நிறைந்த மாதத்தில், இனி ஒற்றை இருக்கைக் கார்களில் ஓட்டப்போவதில்லை என்று அறிவித்தார். 'ஓய்வு' என்று தலைப்பிட்ட செய்திகள் அப்போதுதான் வந்தன. பழைய ரசிகர்கள் பலர் அன்றுதான் அவர் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதையே தெரிந்துகொண்டார்கள். ஒரே செய்தியில் சந்தோஷமும் வருத்தமும்.

இந்த விளையாட்டில் 'ரிட்டயர்' என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டு. பந்தயத்தின் நடுவில் கார் நின்றுபோனாலும் முடிவுப் பட்டியலில் 'ரிட்டயர்டு' என்றுதான் போடுவார்கள். அடுத்த ஞாயிறே அந்த ஓட்டுநர் மறுபடி கிளம்பிவிடலாம். நரேனின் ஓய்வும் அந்த இரண்டாவது வகைதான்.

2019 நவம்பர் 24, ஃபுஜி மலையடிவாரத்து டிராக். ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயம். ஹோண்டா, நிஸான், லெக்சஸ், ஆடி, பிஎம்டபிள்யூ என்று உலகின் பெரிய பெயர்களெல்லாம் ஒரே வரிசையில். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை வென்றது நகாஜிமா ரேசிங்கின் ஹோண்டாவை ஓட்டிய நரேன் கார்த்திகேயன். அன்று அவர் வயதில் பாதியே ஆன பிள்ளைகள் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் அந்தப் பந்தயம் தெரிந்திருக்கும்? அடுத்த வருடம் சூப்பர் ஜிடி தொடரில் அவருக்கு இடமில்லை. 2021இல் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் இருவரோடும் சேர்ந்து முழுக்க இந்தியர்களே ஓட்டிய அணிக்காக ஆசிய லே மான் தொடரில் ஓட்டினார். லே மானோடு அவருக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: 2009இல் அங்கே பந்தயம் தொடங்குமுன் பிட் சுவரைத் தாண்டிக் குதித்தபோது தோள்பட்டை இறங்கி, ஒரு சுற்றுகூட ஓட்ட முடியாமல் போனது.

இதற்கிடையே கோவையில் பழைய இருசக்கர வாகனங்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் டிரைவ்எக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2022இல் டிவிஎஸ் மோட்டார் அதில் முதலீடு செய்தது. ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கும் இந்தப் பகுதியில், செகண்ட் ஹேண்ட் பைக்கில்தான் பல பிள்ளைகள் முதன்முதலாக வண்டி பழகுகிறார்கள். ஃபார்முலா ஒன்னைப் பார்த்தே இராத வீட்டுக்கும் அவர் தொழில் வந்து சேரக்கூடிய வழி இது.

ரசிகர்களின் ஆதங்கம் ஒன்றுதான். நரேனுக்குப் பிறகு சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010, 2011இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். அவ்வளவுதான். 2012 பிரேசிலுக்குப் பின் ஓர் இந்தியர்கூட ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டவில்லை. ஓர் ஓட்டுநர் இறங்கினால் அடுத்தவர் ஏறி வண்டியை எடுப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் ஓய்வு அவ்வளவாக வலிக்காது. இங்கே சீட் காலியாகவே கிடக்கிறது. இண்டூரிலிருந்து பந்தயம் பார்க்க வேண்டுமென்றால் கோவைக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ நாலைந்து மணி நேரம் போக வேண்டும். ஓட்டிப் பழக வேண்டுமென்றால் அதைவிடத் தூரம், அது பணத்தின் தூரம்.

இன்று இந்த ஊர்களில் கார் பந்தயம் என்றதும் முதலில் வரும் பெயர் நடிகர் அஜித்குமார்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, அதுவரை பந்தயமே பார்த்திராத வீடுகளில் 'பிட் ஸ்டாப்' என்ற சொல் புழங்கத் தொடங்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் இன்னோர் அறிவிப்பு வந்தது: 2025–26 ஆசிய லே மான் தொடருக்காக அஜித்குமார் ரேசிங் அணியில் நரேன் கார்த்திகேயன் சேர்கிறார். அப்போது அவருக்கு வயது 48.

மெல்போர்ன் காலையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தச் செய்தியைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பார்கள். அஜித்தைத் தெரிந்த பிள்ளை, பக்கத்தில் நிற்கும் இவர் யார் என்று கேட்டிருக்கும். 2005இலிருந்து தொடங்கி, மஞ்சள் காரிலிருந்து தொடங்கி, சொல்வதற்கு அப்பாவிடம் நிறைய இருக்கிறது.