பத்தாவது ஆளுக்குப் பயப்படலாமா?



நம் கடைவீதியில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு கூடும், விற்பனை கூடும், வாடிக்கையாளர்கள் கூடுவார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் ஆட்களின் எண்ணிக்கை மட்டும் ஒன்பதைத் தாண்டாது. பத்து பேர் ஆகிவிட்டால் ஈ.எஸ்.ஐ. வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். ஒருமுறை உள்ளே போய்விட்டால், பிறகு ஆட்கள் குறைந்தாலும் சட்டம் நம்மை விடாது என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியாக இருந்தது. அதனால் பயம் இரட்டிப்பாயிற்று.

எங்கள் பருப்பு மண்டியும் இதற்கு விலக்கல்ல. 2015இல் பக்கத்துத் தெருவில் ஒரு கிடங்கு வாடகைக்கு வந்தது. அட்வான்ஸ் வரை பேசிவிட்டோம். "இன்னும் ரெண்டு ஆள் போட்டா பதினொண்ணு ஆயிடுமே, முதலாளி" என்றார் கணக்குப்பிள்ளை. கிடங்கை விட்டுவிட்டோம். சாமர்த்தியமாக நடந்துகொண்டோம் என்று அன்று எங்களுக்கு நினைப்பு.

2018இல் லாரியிலிருந்து இறக்கும்போது துவரம்பருப்பு மூட்டைகள் சரிந்து, எங்களிடம் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவரின் கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு ரூ.85,000. ஆறு மாதம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. மாதச் சம்பளம் ரூ.12,000இல் பாதியைக் கொடுத்து வந்தோம். ஆக மொத்தம் ரூ.1,21,000. இவ்வளவு செலவழித்தும் அந்தக் குடும்பம் கடன் வாங்கித்தான் அடுப்பு எரித்தது. ஒவ்வொரு மாதமும் அவர் மனைவி வந்து கல்லாவுக்கு முன் தயங்கி நிற்பார். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அப்போது முதலாளி கட்ட வேண்டிய பங்கு சம்பளத்தில் 4.75 சதவீதம். ஒன்பது பேருக்கும் அதே சம்பளம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.61,560. ஒரே விபத்தில் நாங்கள் கொடுத்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் கட்டணம்! ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் வைத்தியம் அவர்கள் பொறுப்பு. வேலையில் அடிபட்டவருக்குக் குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் நம் தலையில் விழாது.

2019 ஜூலை 1 முதல் முதலாளியின் பங்கு 4.75இலிருந்து 3.25 சதவீதமாகவும், தொழிலாளியின் பங்கு 1.75இலிருந்து 0.75 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. ரூ.12,000 சம்பளக்காரருக்கு நாம் கட்டுவது ரூ.570இலிருந்து ரூ.390 ஆயிற்று. அவர் கைக்கும் மாதம் ரூ.120 கூடுதலாகப் போயிற்று. அந்த ஆண்டே இரண்டு பேரைச் சேர்த்தோம். பதிவு செய்தோம். வேறொரு கிடங்கும் எடுத்தோம். ஆனால் வாடகை 2015இல் பேசியதைவிட மிக அதிகம். நாலு வருஷ வியாபாரமும் போனதுதான்.

இதில் அரசுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சட்டம் ஓர் எண்ணில் கோடு போட்டால், சிறு வியாபாரி கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறான். ஆளும் வைப்பதில்லை, முதலும் போடுவதில்லை. கட்டணத்தைக் குறைத்தால் தைரியமாகத் தாண்டுகிறான். மருந்தகம் தூரம், காத்திருப்பு அதிகம், அரை நாள் வேலை போகிறது என்று நம்மவர்கள் சொல்லும் குறையையும் அலட்சியம் செய்யக்கூடாது. பணம் கட்டுகிறவர்களுக்குப் பலன் கண்ணில் தெரிய வேண்டும். இதைச் சங்கத்தின் வாயிலாக எடுத்துச் சொல்வது நம் கடமை.

நமக்கும் பாடம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பத்துக்குக் குறைவானவர்கள் உள்ள கடையும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால், தாமாகவே ஈ.எஸ்.ஐ.யில் சேர அதில் வழி இருக்கிறது. ஆகவே ஒன்பதோடு நிற்பதற்கு இனிச் சாக்கு இல்லை.

தீபாவளிக்கு வேட்டி சேலையும் போனஸும் கொடுத்து மகிழும் மரபு நம்முடையது. நம் மூட்டையைத் தூக்குகிறவர் கீழே விழுந்தால் அவரைத் தூக்கிவிட ஓர் ஏற்பாடு செய்து வைப்பதும் அந்த மரபில் சேர்ந்ததுதான். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளுங்கள்.