‘ஹப்பனிங்’ என்னும் நிகழ்வுக்கலையும் நமது சூரன் போரும்

ஓவியமும் நாடகமும் ஒன்றையொன்று ஊடுருவும் நிகழ்வுக்கலைக்கு ‘ஹப்பனிங்’ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் அமெரிக்க ஓவியர் அலன் கப்றோ ஆவர். 1959 ஒக்டோபரில் நியூயோர்க் நகரின் றூபன் கலைக்கூடத்தில் ‘ஆறு பகுதிகளில் பதினெட்டு நிகழ்வுகள்’ என்பதனை அவர் நடத்தினார். பிளாஸ்ரிக் தாள்களால் மூன்று அறைகள் அமைக்கப்பட்டன. மணி ஒலித்ததும், கையிற் கிடைத்த குறிப்பின்படி பார்வையாளர் அறை மாறி அமர்ந்தனர். கதைத் தொடர்ச்சி எதுவும் இருக்கவில்லை. இந்நிகழ்வு நுணுக்கமாகத் திட்டமிடப்பட்டதே. பின்வந்தவை தற்செயலுக்குக் கூடிய இடமளித்தன.

கலைப்பொருள் சந்தைப் பண்டமாகிவிட்ட சமுதாயத்தில், விற்கவியலாத கலையைத் தேடிய முயற்சியாக இதனைக் கொள்ளலாம். 1967இல் கப்றோவின் திட்டப்படி லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியிற் பலர் கூடிப் பனிக்கட்டிகளால் மதில் எழுப்பி, அதனை உருகவிட்டனர். பார்வையாளர் என்ற தனிப்பிரிவே ஒழியவேண்டும் என்பது அவரது கொள்கை.

நாரந்தனை போன்ற தீவகக் கிராமமொன்றிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வடிவம் முற்றிலும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்து முருகன் கோயில்களில் ஐப்பசிக் கந்தசட்டியின் ஆறாம் நாள் சூரன் போர் நடைபெறும். மரத்திற் செதுக்கி வர்ணந்தீட்டிய சூரனைத் தோளிற் சுமந்து ஆட்டுவர். ஆனைமுகம், சிங்கமுகம் எனத் தலைகள் மாறும். மேடையில்லை, வீதியே களம். கதை முன்னரே அறியப்பட்டது. ஆயின் சூரன் எத்திசையில் ஓடுவான், எவ்வளவு நேரம் எதிர்த்து நிற்பான் என்பனவற்றைச் சுமப்போரின் தோள்வலியும் பறையொலியும் கூட்டத்தின் ஆரவாரமும் அவ்வக்கணத்திலே தீர்மானிக்கின்றன.

இவ்வொற்றுமை கண்டு பெருமிதங்கொள்வதுடன் ஆய்வு நின்றுவிடலாகாது. நியூயோர்க்கிற் கூடியோர் பெரும்பாலும் கலையுலகச் சிறுவட்டத்தினர். நமது கோயில் வீதியிலோ சூரனைச் சுமக்கும் உரிமையும் உள்வீதியில் நிற்கும் உரிமையும் நெடுங்காலம் சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தன. 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுட் செல்ல உரிமை கோரிப் போராடவேண்டியிருந்தது. அப்போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட ‘கந்தன் கருணை’யை அம்பலத்தாடிகள் குழுவினர் கூத்துப் பாணியில் ஆடியபோது, கோயில் வாயிலில் எழுந்த கேள்வி கலைக்களத்துக்கு வந்தது.

பங்கேற்பு என்ற சொல் மட்டும் ஒரு கலையை மக்கள் கலையாக்கிவிடாது. களத்தினுள் எவர் அனுமதிக்கப்பட்டனர், எவர் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்பதே எந்நிகழ்வுக்கலையையும் மதிப்பிடுதற்குரிய முதல் வினாவாகும்.