சர்வரை கிளவுடுக்கு மாத்தலாமா? தென்காசி, குற்றாலம் நிறுவனங்கள் முதலில் கவனிக்க வேண்டியது என்ன?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல், கூடவே சீசன் கூட்டம். லாட்ஜ் ரிசப்ஷனுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில், யுபிஎஸ் தயவில் ஓடும் சர்வர் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டால்? எந்த அறை யாருக்கு, யார் அட்வான்ஸ் கொடுத்தார்கள் என எதுவுமே தெரியாது. தென்காசியில் உள்ள மருத்துவமனை, பள்ளி, மர அறுவை மில் என எல்லோருக்கும் இதே கவலை உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தென்காசி உட்பட 4 தென் மாவட்டங்கள் பாதிக்கப்பட்டன. அப்படியொரு மழை வந்தால் தரைத்தளத்தில் உள்ள சர்வர் என்னவாகும்? 'பேசாம கிளவுடுக்கு மாத்திடலாம்' என்று பலர் யோசிப்பது இதனால்தான். ஆனால், மாற்றுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

விர்ச்சுவல் மெஷின்னா என்ன?

நம்மூர் வளவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பவுண்டு, உள்ளே 5 வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பூட்டு. அதேபோல, ஒரே சர்வருக்குள் பல கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல மென்பொருள் மூலம் பிரித்து வைப்பதே விர்ச்சுவல் மெஷின். ஒன்றில் பில்லிங், இன்னொன்றில் கணக்கு, மற்றொன்றில் வருகைப்பதிவு ஓடும். இப்படிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் எல்லாம் இந்த வேலைக்கானவை.

இப்படிப் பிரித்த ஒவ்வொரு கணினியும் டிஸ்க்கில் ஒரு சில பெரிய ஃபைல்களாகத்தான் இருக்கும். ஃபைல் என்பதால் இடம் மாற்றலாம். அதைக் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டருக்கு அனுப்பி, அங்கே இயக்குவதுதான் 'மைக்ரேஷன்'.

திடீர்னு ஏன் இவ்வளவு பேச்சு?

விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டினால் காலத்துக்கும் பயன்படுத்தும் லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தா மட்டும்தான். 'எப்படியும் சந்தா கட்டணும், அதைக் கிளவுடுக்கே கட்டலாமே' என்ற கணக்கு உலகம் முழுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மத்தளம்பாறை சொல்லும் இன்னொரு வழி

தென்காசியில் கிளவுட் என்றாலே எல்லோரும் சொல்வது ஜோஹோ. 2011 முதல் மத்தளம்பாறையில் அந்த நிறுவனம் இயங்குகிறது. ஆனால் அங்கே நடப்பது மென்பொருள் உருவாக்கும் வேலை. இந்திய வாடிக்கையாளர்களின் தரவு இருப்பது மும்பை, சென்னை டேட்டா சென்டர்களில். ஆக, கிளவுட் என்பது மேகத்தில் இல்லை. வேறொரு ஊரில், வேறொருவர் பராமரிக்கும் சர்வர்தான் அது.

ஜோஹோவின் முக்கியத் தொழில் விர்ச்சுவல் மெஷினை வாடகைக்கு விடுவதல்ல, மெயில், கணக்கு போன்ற மென்பொருளைச் சந்தாவுக்குக் கொடுப்பது. மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயில், என்ஐசி அமைப்பிலிருந்து ஜோஹோவுக்கு மாற்றப்பட்டது இந்த முறையில்தான். மெயில் முகவரி மாறவில்லை, பின்னால் இருக்கும் அமைப்பு மட்டும் மாறியது.

எனவே உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இருக்கும் விர்ச்சுவல் மெஷினை அப்படியே தூக்கி அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற கிளவுடில் வைப்பது. மற்றொன்று, சர்வரையே கைவிட்டு, அதே வேலையைச் செய்யும் சந்தா மென்பொருளுக்கு மாறுவது. மெயிலுக்கும் சாதாரண கணக்குக்கும் இரண்டாவது வழியே பெரும்பாலும் எளிது. உங்களுக்கென்றே தனியாக எழுதி வாங்கிய மென்பொருள் என்றால் முதல் வழிதான்.

எப்படி மாத்துறாங்க?

1. கணக்கெடுப்பு: எத்தனை விர்ச்சுவல் மெஷின், எது எதோடு பேசுகிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும்.

2. நகல்: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு நகல் கிளவுடுக்குப் போகும். அதன் பிறகு ஏற்படும் மாற்றங்கள் மட்டும் தொடர்ந்து போய்ச்சேரும்.

3. ஒத்திகை: நகலை அங்கே இயக்கி, பில் போட்டு, ரிப்போர்ட் எடுத்துப் பார்க்க வேண்டும்.

4. மாற்றம்: ஒரு நாள் இரவு பழையதை நிறுத்தி, கடைசி மாற்றங்களை அனுப்பி, புதியதை இயக்க வேண்டும்.

5. திரும்பும் வழி: சரிவரவில்லை என்றால் பழைய சர்வருக்கே திரும்ப வேண்டும். அதனால் பழையதைச் சில வாரங்களாவது அழிக்கக் கூடாது.

எவ்ளோ நேரம் ஆகும்?

2 டிபி தரவு, 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையாமல் கிடைத்தாலும் நகல் போய்ச்சேர 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 20 எம்பிபிஎஸ் என்றால் 9 நாட்களைத் தாண்டும். இங்கே முக்கியம் அப்லோட் வேகம். பல இணைப்புகளில் டவுன்லோட் வேகத்தை மட்டும்தான் பெரிதாகச் சொல்வார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கே சிக்கும்?

ஃபைலை நகர்த்துவது எளிது. அதோடு ஒட்டியிருப்பதுதான் சிக்கல். சர்வரின் ஐபி முகவரி மாறும். பழைய முகவரியைத் தேடும் பில் பிரிண்டர், வருகைப்பதிவு மெஷின், மாத்திரை கவுன்டர் கணினி எல்லாம் நின்றுபோகும். சில மென்பொருள் யுஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் ஓடும். கிளவுடில் டாங்கிளை எங்கே செருகுவது? லைசென்ஸ் சில நேரம் அந்த ஒரு சர்வரோடு மட்டும் கட்டப்பட்டிருக்கும்.

இன்னொன்று, இன்டர்நெட். சர்வர் அலுவலகத்திலேயே இருந்தால் நெட் போனாலும் பில் போடலாம். கிளவுடுக்குப் போன பிறகு நெட் இல்லை என்றால் கவுன்டரே நின்றுவிடும். எனவே, வெவ்வேறு நிறுவனங்களின் 2 இணைப்புகள் கட்டாயம்.

செலவு குறையுமா?

சீசன் 3 மாதம் பெரிய மெஷின், மற்ற நாட்களில் சின்னது என மாற்றிக்கொள்ளலாம். கூட்டம் வரும்போது மட்டும் கூடுதல் கட்டில் வாடகைக்கு எடுப்பதுபோலத்தான். ஆண்டு முழுக்க ஒரே அளவில், இரவு பகலாக ஓடும் சர்வர் என்றால் செலவு கூடவும் செய்யலாம்.

மெஷினை நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை உண்டு. மைக்ரோசாஃப்ட் அஷூரில், விண்டோஸுக்குள் போய் ஷட் டவுன் கொடுத்தால் மட்டும் மெஷின் பில் நிற்காது. அஷூர் பக்கத்திலிருந்தே நிறுத்த வேண்டும். தரவை வெளியே எடுக்கவும் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு.

போயிட்டா பாதுகாப்பு உறுதியா?

இல்லை. ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம், கூகுள் பக்கம் நடந்த அமைப்புத் தவறால் அதன் பிரைவேட் கிளவுட் சந்தாவே அழிந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் உறுப்பினர்களால் கணக்கைப் பார்க்க முடியவில்லை. காப்பாற்றியது, தனியாக எடுத்து வைத்திருந்த பேக்கப்.

அதற்காகச் சொந்த சர்வர் மட்டும் போதும் என்றும் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. 709 அரசு சேவைகள் நின்றன. வேறிடத்தில் பேக்கப் இல்லாததால், ஊழியர்களின் 858 டிபி ஆவணங்கள் மீட்க முடியாமல் போயின.

இரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றுதான். தரவு எங்கே ஓடுகிறது என்பதைவிட, அதன் இன்னொரு நகல் வேறு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். பொறுப்பும் உங்களுடையதுதான். 2023 தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேறொரு நிறுவனத்திடம் தரவைக் கொடுத்து வைத்திருந்தாலும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். உரிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

அப்போ என்ன பண்ணலாம்?

முக்கியமில்லாத ஒரு விர்ச்சுவல் மெஷினை முதலில் மாற்றிப் பாருங்கள். ஒரு மாத பில்லைப் பார்த்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். பேக்கப்பை அதே கிளவுட் கணக்கில் மட்டும் வைக்காதீர்கள். எடுத்த பேக்கப்பிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள்.

நாளும் முக்கியம். குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். இந்த இரண்டும் இல்லாத பிப்ரவரி, மார்ச்சில் மாற்றினால், தவறு நடந்தாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.