மருந்துக்கு முன்னே மரியாதை: திருநர் நலனுக்கு ஏற்ற மருத்துவமனை

அரசு மருத்துவமனையில் எந்த நோய்க்கும் முதல் வாசல் ஓ.பி. சீட்டு எழுதும் வரிசைதான். பெயர், வயது, ஆணா பெண்ணா என்ற கேள்விகளை மற்றவர்கள் நொடியில் கடந்துவிடுகிறார்கள். திருநங்கையரிலும் திருநம்பியரிலும் பலருக்குத் தடங்கல் தொடங்குவதே அங்குதான்.

சட்டம் வந்துவிட்டது

தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் திருநரின் பாலின அடையாள உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டின் சட்டம், அவர்களுக்கான மருத்துவ வசதிகளை அரசின் பொறுப்பாக்கியது. இவையெல்லாம் வந்த பிறகும் சீட்டு எழுதுமிடமும் வார்டும் பல இடங்களில் பழையபடியே இருக்கின்றன.

கேட்டு வடிவமைப்பது

இங்குதான் வடிவமைப்பு ஆய்வு உதவும். நுழைவாயில் முதல் மருந்து வாங்குமிடம் வரை நோயாளியின் பாதையை ஆய்வாளர்கள் உடனிருந்து கவனிப்பார்கள். எங்கே கூசினார், எங்கே திரும்பினார் என்று அவரிடமே கேட்பார்கள். பிறகு சிறு மாற்றமொன்றைச் செய்து பார்த்து, குறை சொன்னவர்களோடு அமர்ந்தே அதைத் திருத்துவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணை அழைப்பது அப்படியொரு மாற்றம். இதற்குப் பெரிய செலவில்லை.

படிவத்தில் இரண்டு கேள்விகள்

இப்போதைய பாலினம் எது, பிறப்பின்போது பதிவான பாலினம் எது என்று தனித்தனியாகக் கேட்பது பல நாடுகளில் பரிந்துரைக்கப்படும் முறை. எந்தப் பெயரில் அழைக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று விளக்கி, பிறர் காதில் விழாதபடி கேட்பது முக்கியம்.

உடலுக்கேற்ற பரிசோதனை

பரிசோதனையை முடிவுசெய்ய வேண்டியது அடையாள அட்டையல்ல, உடலில் இருக்கும் உறுப்பு. கருப்பைவாய் உள்ள திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. திருநங்கையருக்கான அறுவை சிகிச்சையில் பொதுவாக புராஸ்டேட் சுரப்பி அகற்றப்படுவதில்லை. எனவே அதையும் கவனிக்க வேண்டும். 'ஆண்', 'பெண்' என்ற ஒற்றைக் கட்டம் இவற்றைத் தவறவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது

நீங்கள் திருநர் என்றால், பாலின மாற்றத்துக்கான ஹார்மோன் மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டக்கூடும். புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஏற்கெனவே எடுத்துக்கொள்பவர்கள் எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை படிவம் அச்சிடும் முன், வார்டு கட்டும் முன், திருநரை அழைத்துக் கேளுங்கள். அவர்கள் தரும் நேரத்துக்கு ஊதியமும் கொடுங்கள்.